பிள்ளையாருக்குக் கீழால போன பைப்

இல்ல மச்சான், பிள்ளையார்ல பழி போடாத. சுனாமியில நம்மட கல்லடி நெல்லு மில்லுக்குள்ள இடுப்பளவு கடல் வந்து போயும் தப்பின புளோவர், உன்ர பைப்புக்குள்ள தேங்கின தண்ணியிலதான் செத்துது. சாக்காட்டினது நீ.

வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்றன். மச்சானும் நானும் கூட்டாத்தான் மில் நடத்துறம். அவிச்ச நெல்லக் காயவைக்கிற பெட்டியில இருந்து ஈரக்காத்த இழுத்து வெளிய தள்ளுறதுதான் புளோவர்ர வேல. பைப் போற வழியில, சுவரில பிள்ளையார் படம். சாமிக்கு மேலால அழுக்குக் காத்துப் போகப்படாதாம். மச்சான் அவடத்த மட்டும் பைப்பக் கீழ இறக்கி, படம் தாண்டினதும் திரும்ப மேல ஏத்திட்டான். மில் நிண்டாப் பிறகு ஈரமெல்லாம் ஆறி அந்தப் பள்ளத்தில தண்ணியாச் சேரும். காலையில சுவிச்சப் போட, அவ்வளவையும் ஒரே மூச்சில இழுத்து, உள்ள சுத்துற தகடு உடைஞ்சிது. புதுசு வாங்கிட்டம். அறுவடை வருகுது. இதுவும் போனா நெல்லுப் புளிச்சு, மில்ல மூடவேண்டியதுதான்.

சண்டை முடிஞ்சு பாதை திறந்திருந்த நேரம். கரடியனாத்தில புது மில் கட்டி மிசின் பூட்டுறாங்க எண்டு கேள்விப்பட்டு, அங்க பைப் எப்பிடிப் போகுது எண்டு பாக்க வெளிக்கிட்டன். விடிய ஆறரைக்கு மட்டக்களப்பு டவுனில பஸ் ஏறி, செங்கலடியில இறங்கி பதுளை றோட்டு பஸ். றோட்டுக் குழியில என்ர இடுப்புக் கழண்டுது. ஆனா ரெண்டு பக்கமும் வயல் வட்டை முழுக்கக் கதிர். வருசக்கணக்காப் பத்தை மண்டிக் கிடந்த காணிகள்! கண்ண எடுக்க மனமில்ல.

மில்லில பைப் பூட்டுறது ஒரு இஞ்சினியர்ப் பிள்ளை. நான் சும்மா விடுவனா?

"என்ன புள்ள, பைப் கோணலா இரிக்கு? பூட்டினவன் குடிச்சிருந்தானா?"

"கோணலாப் பூட்டத்தான் ஐயா எனக்குச் சம்பளம்."

கிட்டப் போய்ப் பார்த்தன். அங்கயும் சுவரில பிள்ளையார். அந்தப் பிள்ளை அவர அசைக்கல்ல. முழுப் பைப்பையும் அவருக்குக் கீழால கொண்டு போயிருந்திச்சு. இடையில பள்ளமே இல்ல. புளோவர்ப் பக்கம் உயரம், பெட்டிப் பக்கம் தாழ்வு. தாழ்ந்த முனையில தண்ணி வடிய ஒரு குடுவையும், திறந்து மூட ஒரு டெப்பும். என்ன மூளை!

"மில் ஓடக்குள்ள டெப்பத் தொறக்காதீங்க ஐயா, வெளிக்காத்த இழுக்கும். காலையில தொறந்து வடியவிட்டுப் பூட்டிட்டு, பிறகு சுவிச்சப் போடுங்க."

போறவங்களுக்கு: வெயிலுக்கு முதல் போங்க, பஸ்ஸில பின் சீட்டில குந்தாதீங்க. மில் வச்சிரிக்கிறவங்க பைப்ப ஒருக்காப் போய்ப் பாருங்க.

இத எழுதி முடிய மச்சான் வந்தான். வாசிச்சுக் காட்டினன். 'சாக்காட்டினது நீ' எண்டதும் மூஞ்சி கறுத்துது. 'முழுப் பைப்பையும் அவருக்குக் கீழால' எண்டதும் எழும்பிட்டான்.

"எங்கடா போறாய்?"

"ஸ்பேனர் எடுக்க."

"நில்லுடா! எந்தப் பக்கம் தாழணும் எண்டு இன்னும் வாசிக்கல்ல..."

ஆள் மில்லுக்குள்ள போயிட்டான்.