நிரந்தர உத்தியோகக்காரர்களின் அணி

எனக்குப் பேஸ்போல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வசந்தத்திலிருந்து நான் ஒரு பேஸ்போல் அணிக்குச் சொந்தக்காரன்.

அணி என்றால் கற்பனை அணி. உண்மையாக ஆடுகிற ஆட்டக்காரர்களை, சீசன் தொடங்குமுன் கணினித் திரையில் முறைவைத்து ஆளுக்கொருவராகப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர்கள் அமெரிக்காவில் எங்கோ வியர்த்து ஓட, இங்கே மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில், சோபாவில் சாய்ந்திருக்கும் எனக்குப் புள்ளி விழும். மொன்றியலுக்கென்று முன்பு ஒரு நிஜ அணி இருந்தது. அது ஊரை விட்டுப் போய்க் கனகாலம். நிஜம் போன இடத்தில் கற்பனையாவது இருக்கட்டும் என்று மகள் விளக்கம் சொன்னாள்.

அவளுக்கு வேறு காரணம் இருந்தது. இந்த விளையாட்டுக் குழுவை நடத்துவது அவள் கலியாணம் செய்ய விரும்பும் பெடியன். இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரன். வீடியோ கேம்களுக்குச் சத்தம் செய்வது தொழில். திரையில் ஒரு போர்வீரன் சேற்றில் நடந்தால், இவன் ஒரு அறைக்குள் ஈரத் துணியை மிதித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்வான். கேம் முடிந்தால் வேலையும் முடிந்தது; அடுத்தது வரும்வரை சும்மா. என் மனைவிக்கு ஈரத் துணியைப் பற்றி ஆட்சேபம் இல்லை. நிரந்தரமில்லை என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

“அப்பா, குழுவில ஒரு ஆள் குறையுது, நீங்கள் சேருங்கோ” என்றாள் மகள். “முகத்தைப் பாத்து ஒருத்தரையும் மதிப்பிடேலாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அவரோட விளையாடிப் பாருங்கோ. பேந்து ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன். அண்டைக்கு ஓமோ இல்லையோ நேரா சொல்லிப்போடவேணும். நீங்கள் சொன்னா அம்மா கேப்பா.”

கடைசி வசனம் சுத்தப் பொய். ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால் சேர்ந்துவிட்டேன்.

ஆட்டக்காரர்களைப் பிரிக்கும் அன்று மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆளின் பெயருக்குக் கீழும் எழுத்துகளும் புள்ளி வைத்த எண்களும் வரிசையாக நின்றன. ஒன்றும் விளங்கவில்லை. அதோடு படம், வயது, உயரம், பிறந்த ஊர். மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். முன்பின் தெரியாத வாலிபர்களைத் தரம் பிரிக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். மாப்பிள்ளை விசாரிப்பது. அதில் அவளுக்கு நல்ல அனுபவம். எங்கள் சொந்தத்தில் பாதிச் சம்பந்தம் அவள் போனில் முடிந்தது.

“இவர் எத்தினை வருசம் இந்த இடத்திலயே நிப்பார்?”

“ஒன்பது வருச ஒப்பந்தமாம்.”

“எடுங்கோ.”

“இவர் நல்லா அடிக்கிறாராம்.”

“ஏன் மூண்டு இடம் மாறியிருக்கிறார்? என்னவோ இருக்கு. விடுங்கோ.”

இப்படியாக, பேஸ்போல் உலகிலேயே நிரந்தர உத்தியோகக்காரர்கள் மட்டும் கொண்ட ஒரே அணியை நாங்கள் கட்டி முடித்தோம்.

மறுநாள் அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில், என் வீரர்களை நிதானமாக மதிப்பிட்டேன். நீண்ட ஒப்பந்தம் உள்ளவர்கள் நீண்ட காலமாக ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வயது. என் முதல் தளக் காவலர் ஓடுவதை வீடியோவில் பார்த்தேன். வங்கியில் குடையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வருகிறவரின் வேகம். என் பந்து பிடிப்பவர் ஆட்டம் முழுக்கக் குந்தியிருக்க வேண்டியவர். அவர் எழும்பும்போது முகம் போகிற போக்கில், கோயிலில் தூணைப் பிடித்து எழும்பும் நான் தெரிந்தேன். பழைய புலவர்கள் தலைவனின் தோளைப் பாடுவார்கள். என் ஆட்களின் தோளை ஸ்கான் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கடைசிச் சுற்றில் நான் எடுத்த பந்து எறிபவன். மனைவி பொங்கும் பாலைப் பார்க்க எழுந்து போன நேரத்தில் ஆளை எடுக்க எனக்குரிய நேரமும் முடியப் பார்த்தது. கண்ணில் பட்ட பெயரை அழுத்திவிட்டேன். ஒப்பந்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலணிக்குக் கூப்பிடுவதும் கீழணிக்குத் திருப்பி அனுப்புவதுமாக அவனை வைத்திருந்தார்கள். படத்தில் பாதி கண் மூடியிருந்தது. இன்னொரு படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

“இவர் ஆர்?” என்றாள் மனைவி, திரும்பி வந்து.

“தெரியாமல் வந்திட்டார்.”

ஆனால் அவனைத்தான் நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் திரும்பி நின்று தனக்குத்தானே ஏதோ கதைக்கிறான். திட்டுகிறானா, கெஞ்சுகிறானா என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் அதே வேலையை நானும் செய்கிறேன் என்பதால் எனக்கு அதில் உண்மையான அக்கறை.

ஞாயிறு விருந்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், பெடியனிடமிருந்து ஒரு மாற்றுக் கோரிக்கை வந்தது. பெயர் பெற்ற பந்து அடிகாரர் ஒருவரை எனக்குத் தருவானாம். ஒப்பந்தமோ அவருக்குத் தலைமயிர் நரைக்கும் வரைக்கும். பதிலுக்கு என்னுடைய கண் மூடியவன் வேண்டுமாம்.

“உடன ஓம் எண்டு அடியுங்கோ” என்றாள் மனைவி. “பாவம், நல்ல மனசு.”

“அதுதான் பயமா இருக்கு.”

“நல்ல மனசிலயும் உங்களுக்குப் பயமோ?”

பயம்தான். மாப்பிள்ளை மாமனாருக்குச் சீதனம் கொடுக்கிற கதையாக அல்லவா இருக்கிறது! என்னைக் குளிர்விக்க விளையாட்டிலேயே விட்டுக்கொடுக்கிறவன், நாளைக்கு என் மகளுக்கும் மனதில் உள்ளதைச் சொல்லாமல் தலையாட்டியே காலம் தள்ளுவான். அவளோ தலையாட்டுகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவள். நிரந்தர வேலை இல்லாததை நான் பொறுப்பேன். இதை எப்படிப் பொறுப்பது? கோரிக்கைக்குப் பதில் போடாமல் ஞாயிறு வரை காத்திருந்தேன்.

வந்தான். சப்பாத்தைக் கழற்றிப் பனிச்சேறு படாமல் ஓரமாக வைத்தான். சாப்பாட்டில் ஒரு அப்பளத்தை உடைத்தான். பிறகு இன்னொன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தான்.

“என்ன, பழசாப் போச்சோ?” என்று மனைவி பதறினாள்.

“சத்தம் கேக்கிறார், அம்மா” என்றாள் மகள்.

நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சைத் திரட்டி நேராகவே கேட்டேன். அந்த அடிகாரரை ஏன் எனக்குத் தருகிறாய், என்னைச் சந்தோசப்படுத்தவா?

மகளின் கை சோற்றிலேயே நின்றது. அவன் காது வரை சிவந்தான்.

“இல்லை” என்றான். “உங்களுடைய பந்து எறிபவர் குளிர்காலத்தில் புதிதாக ஒரு விதப் பந்து எறியப் பழகியிருக்கிறார். கையுறையில் விழும் சத்தமே மாறிவிட்டது. இன்னும் ஒருவரும் கவனிக்கவில்லை. என்னுடைய ஆள் முடிந்துபோனவர். பெயரைப் பார்த்து நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.”

“அப்படியென்றால் என்னை ஏமாற்றப் பார்த்தாய்.”

“கொஞ்சம்.”

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். பிரெஞ்சு எனக்கு முன்னமே அவளுக்கு விளங்கிவிடும். முதலில் சிரித்ததும் அவள்தான்.

“போன வருசம் இந்தக் குழுவில எனக்கும் இப்பிடித்தான் செய்தவர்” என்றாள் மகள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் குறித்துக்கொண்டேன்.

சிரித்து முடிந்ததும் மனைவி தன் பழைய கவலைக்கே வந்தாள். இப்போதைய வேலை முடிந்தால் அடுத்தது என்ன?

“தெரியாது” என்றான் அவன். “செப்டம்பருக்குப் பிறகு இன்னும் ஒன்றும் இல்லை.”

எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரித்தவள். ‘பேச்சுவார்த்தை நடக்குது’, ‘அநேகமாச் சரி’ என்று எத்தனையோ பதில் கேட்டவள். வெறும் ‘தெரியாது’ அவளுக்குப் புதிது. அப்பளத் தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

கோப்பை கழுவும்போது மகள் அடுப்படிக்குள் வந்தாள்.

“என்னப்பா?”

“ஓம்.”

“அம்மா?”

“ஓம்” என்றாள் மனைவி, திரும்பாமலே. “ஆனா செப்டம்பருக்கு இப்பவே தேடச் சொல்லு. இஞ்சேருங்கோ, நீங்கள் அந்தப் பந்து எறியிறவரைக் குடுக்காதேங்கோ.”

வாசலில் அவன் சப்பாத்தைக் கட்டியபடியே, ஒரு காலில் நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டான்: “பந்து பிடிப்பவர் ஒருவரையும் சேர்த்துத் தந்தால்?”

“முழங்கால் எப்படி?” என்றேன் நான்.

அவன் மற்றச் சப்பாத்தையும் மாட்டினான். “உங்களுடையவருடையதைவிடப் பரவாயில்லை.”

அதையும் விசாரித்துப் பார்க்க வேண்டும்.