ஒயர்ச் சடையைப் பிரித்தவர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்குகிற சிஎன்சி மிஷினை, பேட்டையில் என் பட்டறையில் நானே செய்தேன். தூசி இழுக்கும் வேக்குவத்தையும் விளக்கையும் மிஷினே போட்டு அணைக்க ரிலே சுவிட்சு வைத்ததும் நான்தான். "உமக்கெதுக்குவே இந்த வேல?" என்று சிரிக்காத ஆள் கிடையாது.

ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. வேக்குவம் அணையும்போதெல்லாம் மிஷின் பாதியில் நின்று பலகையைக் கெடுத்தது.

அப்போதுதான் கதவு செதுக்கக் கேட்டு ஒரு காயல்பட்டினத்துக்காரர் வந்தார். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. எந்த ஒயரையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்.

"எல்லா ஒயரையும் சடை மாதிரி பின்னினது யாரு?"

"நான்தான் பாய். அழகா இல்லியா?"

"அழகுதான் அண்ணாச்சி. கோளாறும் அதுதான். வேக்குவம் அணையுறப்போ அதோட ஒயர்ல கரண்டு துள்ளுது. ஒட்டிக் கிடக்குற சின்ன ஒயரு அத நிக்கச் சொல்ற உத்தரவுன்னு மிஷினுக்குச் சொல்லுது."

நான் இரண்டு நாளாகப் பின்னிய சடையைப் பையப் பிரித்து, ஒயர்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினார். மிஷின் அப்புறம் நிற்கவில்லை. பேர் கேட்டேன்.

"பேரு எதுக்கு அண்ணாச்சி? ஓடுதுல்லா?"

இப்போது பேட்டையில், அது காயல்காரர் செய்த மிஷினாம். பேர் வேண்டாம் என்று ஒரு மனிதர் எப்படிப் போவார், எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு வேண்டும். மிஷினைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள்; சடையைப் பிரித்தது அவர் என்று தாராளமாக எழுதுங்கள். மிஷினைச் செய்தது நான் என்றும் எழுதுங்கள். அந்தச் சடையைப் பின்னியதும் நான்தான், அதையும் விடாமல் போடுங்கள்.