உட்கார்ந்து ஓட்டுகிற பலகை

சமுத்திரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அவன் மேல் இல்லை, ஊர் மேல். இராஜபாளையத்தில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். பக்கத்துக் கடையில் அவன் எழுபத்தொன்பதிலிருந்து ரேடியோ ரிப்பேர் பார்த்தான். தளவாய்புரத்துக்காரன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. ஒரு பலகை, அடியில் சக்கரமாக நான்கு இரும்பு பேரிங். அதில் உட்கார்ந்து, கைக்கொரு மரக்கட்டையால் தரையை உந்தி உந்திக் கடைக்கு வருவான்.

அவனுக்குக் காலைப் பற்றிக்கூடப் பெரிய வருத்தமில்லை. சில்லறைதான் அவனை வதைத்தது. தார் ரோட்டில் பேரிங் எழுப்பும் கரகர சத்தம் கேட்டதும் சனங்கள் ஆளைப் பார்க்காமலே பைக்குள் கைவிடுவார்கள். மடியில் நாலணா விழும். "ஏலே, நான் மெக்கானிக்குலே! ஒங்கிட்டக் காசு கேட்டனா?" என்று தொண்டை கிழியக் கத்துவான். போட்டவர் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் டவுன் பஸ் ஏறியிருப்பார். ஒரே ஒரு நாள், பிச்சைக்காரன் என்று யாரும் நினைக்காமல் கடைக்கு வந்து சேர வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் சத்தம்தான் காரணம் என்று முடிவு கட்டினான். அவன் அக்கா புருஷன் பொன்னுராஜ் நூல் மில்லில் ஃபிட்டர். மில் உருளைகளில் மாட்டித் தேய்ந்ததும் கழற்றி எறியும் ரப்பர் உறைகளை எண்பத்து நாலில் அவர் கேட்டு வாங்கி வந்தார். "மாப்ளே, ஏரோப்ளேன் எப்போ விடப் போறே?" என்று கேலி வேறு. சின்ன பேரிங்குகளின் மேல் அந்த ரப்பரை ஏற்றியதும் பலகை பூனை மாதிரி வந்தது. சத்தம் கேட்டுக் காசு போட்ட சனம், இப்போது காலில் இடித்ததும் பதறிப்போய்க் காசு போட்டது. அதுவும் எட்டணா! மூன்றே வாரத்தில் ரப்பர் பிய்ந்தது. போதாக்குறைக்குப் பலகை நேராகத்தான் ஓடும். ஒவ்வொரு தெரு முக்கிலும் இறங்கி, அதைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏற வேண்டும். ஏழு வருஷம் இதே பாடு.

தொண்ணூற்றொன்றில் வைகுண்டராஜ் என்ற பையன் டேப் ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொண்டு வந்தான். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறவன். கக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு பலகை. சிங்கப்பூர்ச் சித்தப்பா வாங்கிக் கொடுத்த ஸ்கேட்போர்டாம், நின்றுகொண்டு ஓட்டுவதாம். சமுத்திரம் டேப்பைத் தொடவே இல்லை. பலகையைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தான்.

பையன் அதன் கதையைச் சொன்னான். அமெரிக்காவில் கடலலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள், அலை இல்லாத நாளில் பொழுது போகாமல், காலில் கட்டும் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிப் பலகையில் அடித்து ஓட்டினார்களாம். பிறகு களிமண் கலந்த சக்கரம் வந்தது. சின்னக் கல் தட்டினாலும் ஆள் குப்புற விழுந்ததால் பல ஊர்களில் தடையே போட்டார்கள். எழுபதுகளில் யூரித்தேன் என்கிற மெத்தென்ற சக்கரம் வந்துதான் விளையாட்டு பிழைத்தது. அப்புறம் பலகையோடு எகிறிக் குதிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இப்போது அதற்குப் போட்டி, பரிசு எல்லாம் உண்டு.

"எழுவதுலயா?" சமுத்திரத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நான் எண்பத்தி நாலுலருந்து ரப்பரோட மல்லுக்கட்டுதேன். ஒரு பய வந்து சொல்லலியே!"

அதைவிட, அந்தச் சக்கரங்களைக் கோத்திருந்த அச்சுதான் அவனை நோகடித்தது. பலகையோடு இறுக்கி அடிக்காமல், நடுவே ரப்பர் கொடுத்துச் சாய்வாகப் பூட்டியிருந்தார்கள். உடம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பும். "இம்புட்டுத்தானா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

லேத்துப் பட்டறையில் சொல்லி அதே மாதிரி இரண்டு அச்சு செய்தான். வைகுண்டராஜ் தன்னிடமிருந்த மாற்றுச் சக்கரங்களைக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ரத வீதியில் அப்போதுதான் புதுத் தார் போட்டிருந்தார்கள்.

பையன் நின்று ஓட்டினான். இரண்டு முறை விழுந்து ரோட்டோரப் புழுதியில் புரண்டு முழங்காலைக் கிழித்துக்கொண்டான். நான்தான் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிவிட்டேன். விழுந்தபோதும் கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. சமுத்திரம் ஒருமுறைகூட இறங்காமல், சாய்ந்தே முக்கைத் திரும்பி வந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பூ வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் குனிந்து அவன் மடியில் ஒரு ரூபாயைப் போட்டார்.

சமுத்திரம் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"விடுங்கண்ணே, தெரியாமப் போட்டுட்டாரு" என்றான் வைகுண்டராஜ்.

"தம்பி, செத்த நேரம் என் பலகையில உக்காரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைப் படியில் ஏறி உட்கார்ந்தான் சமுத்திரம்.

பையன் சிரித்துக்கொண்டே காலை மடக்கி உட்கார்ந்து, கட்டைகளை வாங்கிப் பத்தடி தள்ளினான். கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மாள், யாரென்றுகூடப் பார்க்காமல் அவன் மடியில் காசைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வைகுண்டராஜ் துள்ளி எழுந்தான். முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்துக் காசு போடுதீங்க? நான் இன்ஜினியரிங் படிக்கேன், தெரியுமா?" என்று கத்தினான். அந்த அம்மாள் தெருவைத் தாண்டிப் போயிருந்தார்.

"கத்தாதே தம்பி, கேக்க மாட்டாவ. பன்னெண்டு வருசமாக் கத்திப் பாத்துட்டேன்" என்றான் சமுத்திரம். "நீயாவது எந்திரிச்சுட்டே. பலகையத் தா."