அண்ணன் குச்சி வைக்க மறக்கவில்லை

இந்த நினைவு மலர் ஒரு மெல்லிய அட்டைப் பெட்டிக்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைக் கிழித்துவிடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் நாக்கைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள், தானே திறக்கும். ஒரு பொட்டுப் பசை அதில் கிடையாது. அண்ணன் வெட்டி வைத்துவிட்டுப் போன அளவில் நாங்கள் மடித்தது.

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் பிறந்தது, வளர்ந்தது, பட்ட பாடு எல்லாம் வழக்கப்படி எழுதத்தான் போகிறேன். ஆனால் நான் பேனாவை எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. நம் சொந்தத்துக்குள் அண்ணனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘குச்சி வைக்க மறந்தவன்.’ யாரும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் சொன்னதுதான். அவர் மறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான். பதினேழு வருஷமாகச் சொல்லாமல் இருந்தவளும் நான்தான்.

அண்ணன் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்தார். கண்மாய் இருந்தது, தண்ணீர்தான் வருவதில்லை. நான்கு வருஷம் தொடர்ந்து வானம் பொய்த்தபின் அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தார். இங்கே தறிக்காரர்கள் நெய்யும் சேலைகளுக்குக் கடைகளில் பெட்டி வேண்டும். அட்டையை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டிக் கொடுக்கும் வேலையை அப்பா பிடித்துக்கொண்டார். அண்ணன் பத்தாவது முடித்த கையோடு அப்பா இறந்துபோனார். அப்போது எனக்கு ஏழு வயது. தங்கச்சி, எங்கள் சின்னவள், அம்மா வயிற்றில் இருந்தாள். அண்ணன் மேலே படிக்கவில்லை. அப்பா உட்கார்ந்த பலகையில் மறுநாள் காலை உட்கார்ந்தார்.

பெட்டி ஒட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மைதாப் பசையைக் காய்ச்சி இறக்கியதும் பிள்ளைகளுக்குச் சட்டியை வழித்துக் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்கு அதுதான் பலகாரம். ஆனால் அந்துப்பூச்சியும் கரப்பானும் பெட்டியைத் தின்னாமல் இருக்கச் சில சமயம் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டிவரும். அது விஷம். அப்படிக் கலந்த சட்டியின் குறுக்கே ஒரு வேப்பங்குச்சியை வைத்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்ததுமே அந்தக் குச்சியை ஒருதரம் கடிக்கக் கொடுத்துவிடுவார்கள். கசப்பில் முகம் கோணும். அதற்குப் பிறகு குச்சி கிடக்கிற சட்டிப் பக்கம் பிள்ளை போகாது. சின்னவளும் கடித்தவள்தான். குச்சி இருந்தால் எட்ட நின்று, “கய்ப்பு, கய்ப்பு” என்று விரலை ஆட்டுவாள்.

அன்று அண்ணன் துத்தம் கலந்து, சட்டியைப் பலகைக்கு அடியில் வைத்து, குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டு, ஒட்டிய பெட்டிகளைக் கொடுக்கக் கடைக்குப் போனார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தார். எனக்குப் பத்து வயது. தெருவில் பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள், கோடு போட ஒரு குச்சி வேண்டியிருந்தது. ஊரில் குச்சிக்கா பஞ்சம்? என் கைக்கு அதுதான் எட்டியது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது சின்னவள் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயைச் சுற்றி வெளிர் நீலமாக ஒட்டியிருந்தது. நான் கத்தியதும் பயந்துபோய், “குச்சி இல்லக்கா” என்றாள். தப்பு செய்யவில்லை என்று என்னிடம் நியாயம் சொன்னாள் அந்தப் பிள்ளை. பார்த்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறாள்.

அப்புறம் வாந்தி, ஓட்டம், ஆஸ்பத்திரி. மறுநாள் சாயங்காலம் இல்லாமல் போனாள். அவள் கடைசியாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுதான், கேட்டவள் நான் ஒருத்திதான். இன்றும் தேர்தல் வந்து சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினால் எனக்கு அந்தப் பசை வாசம் ஆகாது. பந்தல்குடியில் ஒருதரம் பஸ்ஸை விட்டுப் பாதி வழியில் இறங்கி நின்றிருக்கிறேன். காதுக்குள் “குச்சி இல்லக்கா” என்று கேட்டது.

அடக்கம் முடிந்து வந்ததும் வீட்டில் கேள்வி வந்தது. சித்தப்பாதான் கேட்டார்: “ஏலே, குச்சி வச்சியாடா இல்லையாடா?” அண்ணன் வாசலுக்குப் போனார். தெருவில் என் பாண்டிக் கோடுகள் அப்படியே கிடந்தன, ஓரத்தில் அந்த வேப்பங்குச்சியும் கிடந்தது. குனிந்து எடுத்தார். கோடுகளைக் காலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். குச்சியை அடுப்பில் போட்டுவிட்டு வந்து, “மறந்துட்டேன் சித்தப்பா” என்றார். அப்போது அவருக்கு இருபது வயது.

அன்றிலிருந்து அம்மா அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. “உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, குளிக்கத் தண்ணி வெலாவியிருக்கு.” “உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, சோறு ஆறுது.” பெற்ற தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான்தான் தூது. அவர் இரண்டடி தள்ளி நிற்பார், நான் திரும்பி அதே வார்த்தையைச் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். அத்தனை வருஷம் அந்தத் தூதுக்குப் போன வாய், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நல்ல வாய்தான் எனக்கு.

பசை வேலையை அண்ணன் விட்டுவிட்டார். நூற்பாலையில் ஷிப்டுக்குப் போனார். லீவு நாளில் மட்டும் பழைய காலண்டர் அட்டைகளைப் பரப்பிவைத்து ஏதோ வெட்டுவார், மடிப்பார், பிரிப்பார். மை தீர்ந்த பேனா முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போடுவார், அந்தக் கோட்டில் அட்டை ஒடியாமல் மடியும். அட்டைக்கும் ஓட்டம் உண்டு என்பார். ஒரு வாக்கில் வளையும், மறு வாக்கில் முரண்டு பிடிக்கும். நாக்கு எந்த வாக்கில் வர வேண்டும், துளை எந்த வாக்கில் வர வேண்டும் என்பதற்கே ஒரு வருஷம் போயிற்று. பெட்டியின் பக்கச் சுவரைப் பசையில்லாமல் கொக்கி மாதிரி மாட்டவைத்துவிட்டார். அடிப்பக்கம்தான் நிற்கவில்லை. சேலையை வைத்துத் தூக்கினால் பொத்தென்று விழுந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். “இங்க வாத்தா, இதத் தூக்கிப் பாரு.” உள்ளே அம்மிக் குழவி இருந்தது. தூக்கினேன், அடி விடவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு மடல், ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் ஏறி, முந்தினதற்குக் கீழே நுழைந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. மடல்களின் மேல் விரலை ஓட்டினேன். நானும் அண்ணனும் சின்னவளுக்குப் பல்லக்குத் தூக்குவோம். ஒரு கையால் என் மணிக்கட்டை நானே பிடித்து, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அவரும் அப்படியே பிடிப்பார். நான்கு கை சேர்ந்த சதுரத்தில் அவள் உட்கார்ந்து வருவாள். அதே பிடிதான் இது.

“என்னத்தா, தெரியுதா?” என்றார் அண்ணன்.

“தெரியுதுண்ணே.”

“அவ ஒருநாளும் விழுந்ததில்லேல்ல.”

குழவியை எடுத்து அம்மியில் வைத்தேன்.

அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது சேலைக் கடை முதலாளி சிரித்தார். “பசை இல்லாமப் பெட்டியா? பஸ்ஸு திருச்சுழி போறதுக்குள்ள வாயப் பொளந்துரும்ல!” அண்ணன் ஆறு சேலையை வைத்து மடக்கி, கடைப் படியிலிருந்து தெருவில் போட்டார். முதலாளி பதறிப்போய், “அடப் பாவி, சேலைடா!” என்று எழுந்தார். பெட்டி ஓரம் நசுங்கியது, திறக்கவில்லை. அன்றே பெட்டி வேண்டுமென்று சொல்லிவிட்டார். தட்டையாகவே கட்டி அனுப்பலாம், நூறு பெட்டி ஒரு கைக்குள் அடங்கும் என்பது முதலாளிக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆனால் நம் ஊர் வெயில் சும்மா விடுமா? சித்திரையில் அட்டை காய்ந்து சுருங்கி, அடுக்கி வைத்த பெட்டிகளின் நாக்கு ‘டக், டக்’ என்று தானாகக் கழன்றது. முதலாளி ஆள் அனுப்பினார், பிறகு நேரிலேயே வந்தார்.

“தம்பி, நாக்கு நுனியில ஒரு சொட்டுப் பசை வச்சிரு. ஒரே ஒரு சொட்டு. யாருக்கும் தெரியாது.”

“இல்ல மொதலாளி.”

“அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கோங்க மொதலாளி. பசை எங்க வீட்டுக்குள்ள வராது.”

அவ்வளவு சாந்தமான மனுஷர் குரல் நடுங்கிப் பேசி அன்றுதான் கேட்டேன். அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பத்து நாள் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. அட்டையை வெயிலில் காயப் போட்டு, சுருங்கியபின் அளந்து, அதற்குத் தக்கபடி நாக்கைக் கொஞ்சம் அகலமாக்கி, நுனியில் கழலாமல் பிடிக்கச் சின்னதாக ஒரு தோள் விட்டு வெட்டினார். அடுத்த சித்திரைக்கு அது தாங்கியது. முதலாளி திரும்பி வந்தார். பந்தல்குடி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மிதித்து அடிக்கும் வெட்டு மிஷின் வாங்கிப் போடும் அளவுக்கு வேலை வளர்ந்தது. கொட்டகை வேலைக்குப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்தப் பிள்ளை வாயில் கை வைத்தாலும் அண்ணன் எழுந்துபோய் விரலை விரித்துப் பார்ப்பார். தினமும், ஒவ்வொரு பிள்ளையையும்.

கழன்ற பழைய பெட்டிகளை அவர் எறியவில்லை. மறுபடி பூட்டி வீட்டுப் பரணில் அடுக்கி வைத்தார். மதியத்தில் ஓடு சூடேறும்போது மேலே டக்கென்று ஒரு சத்தம் வரும். நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து பார்ப்போம்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொட்டகையில் வைத்துச் சொல்லத் துணிந்தேன். “அண்ணே, அன்னைக்கு அந்தக் குச்சிய...”

அவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாண்டிக் கோடு போட எடுத்த. தெரியும்.”

“அம்மாகிட்டச் சொல்லிருவோம்ணே.”

“எதுக்கு? பசையக் கீழ வச்சுட்டுப் போனது நாந்தேன. நீ பத்து வயசுப் புள்ள. அம்மா என்கிட்டப் பேசாட்டி நான் வேலை வெட்டின்னு வெளிய போயிருவேன். ஒன்கிட்டப் பேசாம இருந்திருந்தா நீ என்னத்தா ஆயிருப்ப? போ, போயி மருதாணி வச்சுக்க.”

எனக்கு அழுகை வந்தது. அதோடு, அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும், “அந்தக் குச்சி வைக்க மறந்த மாப்பிள்ளையா? நாளைக்குப் பிள்ளை குட்டி பெறந்தா?” என்றார்கள். சொன்னவர்கள் நம் உறவுதான். இந்த வரியைப் படிக்கும்போது அவர்களுக்கு முகம் சுருங்கட்டும். அதைவிட அதிகமாகச் சுருங்க வேண்டிய முகம் என்னுடையது.

நான் பந்தல்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் தூதுக்கு ஆளில்லை. அம்மா சுவரைப் பார்த்து, “சோறு வச்சிருக்கு” என்பாராம். அண்ணன் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாராம். போன வருஷம் ஒரு மத்தியானம் கொட்டகையில் மடியில் அட்டையோடு உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். நாற்பதை எட்டவில்லை. கையில் பாதி மடித்த பெட்டி, மூன்று மடல் பூட்டியிருந்தது. நான்காவதை நான் மடிக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்று அவரைத் தூக்கி வந்த கொட்டகைப் பெண்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு மயானம் வரை நடந்து வந்த முதலாளிக்கும், நரிக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த உறவுகளுக்கும், முப்பது நாளும் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்றால், குச்சியை எடுத்தவள் என்று என்னைச் சொல்லுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் போன அமாவாசையன்று இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அண்ணனுக்குப் படையல் போட இலை விரித்திருந்தது. முழுக்கக் கேட்டார். என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. பிறகு சோற்றை எடுத்து வைத்து, பழக்கத்தில், “உங்க அண்ணன்கிட்டச் சொல்லு...” என்று ஆரம்பித்தார்.

“நான் சொல்ல மாட்டேம்மா,” என்றேன். “நீங்களே கூப்பிடுங்க.”

அம்மா வாயைத் திறந்து மூடினார். பிறகு அண்ணனின் பெயரைச் சொல்லி, தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகக் கூப்பிட்டார். “சாப்புட வாய்யா.”

நல்ல உச்சி வெயில். பரணில் ஒரு பெட்டி டக்கென்றது.

வெயிலுக்குத்தான். எனக்குத் தெரியும். அம்மா மட்டும் முந்தானையால் இலைப் பக்கத்தில் தரையைத் துடைத்துவிட்டு, “வாரான்” என்றார்.