பல் டாக்டரும் ரோஜாப்பூவும்

போன வாரம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். இளைய மகள் தரையில் உட்கார்ந்து டி.வி.யில் ஏதோ ஆங்கில நகைச்சுவைத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டே நெருங்கி வந்தார்கள். அவ்வளவுதான், என் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்திவிட்டது. படம் போயே போச்சு. “அப்பா! வை டூ யூ ஆல்வேஸ் டூ திஸ்?” என்று கத்தினாள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த பெண். கோபம் வந்தால் ஆங்கிலம், பசி வந்தால் தமிழ். மறுபடி போட்டுக் கொடுத்து, சமாதானமாக என்ன கதை என்று கேட்டேன். “இது ரீமேக்ப்பா. ஒரிஜினல் பிரிட்டிஷ். அமெரிக்கால திரும்ப எடுத்திருக்காங்க” என்றாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏ.சி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ரீமேக்கைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறவன் இந்த அமீரகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பல வருஷத்துக்கு முன்னால், வி.சி.ஆர். காலத்தில், நான் ராஸ் அல் கைமாவில், மலையை ஒட்டிய ஒரு சிமென்ட் ஆலைக் குடியிருப்பில், கேபிள் ரூமில் வேலை பார்த்தேன். ஊருக்கு எழுதும்போது ‘சேனல் இன்சார்ஜ்’ என்று எழுதுவேன். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தி வாசிப்பதாகத் திருநெல்வேலியில் பேச்சாம். இங்கே என்னடாவென்றால் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு வி.சி.ஆர்., இரண்டு குட்டி டி.வி., ஒரு போன், பனியனோடு நான். வி.சி.ஆர். ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனையும் சிமென்ட் தூசியும் சேர்ந்து ஒரு நெடி அடிக்கும். இன்றைக்கும் நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வரும், உடம்பு விறைத்துக்கொள்ளும். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள்.

வேலை இதுதான். பகலில் கேசட்டை முழுக்கப் பார்க்க வேண்டும். முத்தம், மது பாட்டில், பன்றிக்கறி வருகிற இடங்களை விட்டுவிட்டு மீதியை இன்னொரு கேசட்டில் ஏற்ற வேண்டும். அதை மாலையில் காலனி முழுக்க ஒளிபரப்ப வேண்டும். தப்பித்தவறி ஏதாவது விட்டுப்போயிருந்தால் மேசையில் ஒரு சுவிட்ச் உண்டு. அழுத்தினால் படமும் சத்தமும் போய், விரலை எடுக்கிற வரை ஒரு ரோஜாப்பூப் படம் நிற்கும். காதலர்கள் கிட்டே வந்ததும் இரண்டு பூவைக் காட்டுகிற நம் பழைய சினிமா ஞானம்தான் அது.

பயம் எங்கே இருந்தது என்றால், அந்தக் கேபிள் ஆலை முதலாளியான அர்பாப் வீட்டுக்கும் போனது. எங்கள் அத்தனை பேருடைய விசாவும் அவர் கையில். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு முத்தத்தை விட்டுவிட்டார். வியாழக்கிழமை முத்தம், சனிக்கிழமை விமானம். இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை வேலையில் உட்கார வைத்தார்கள். அதோடு, என் மனைவி கைக்குழந்தையோடு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. என் விசா போனால் அவர்கள் விசாவும் அதோடு போச்சு. அந்தக் குடும்ப விசாவுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

இனி பல் டாக்டருக்கு வருகிறேன். ஆலையில் டெரிக் என்று ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் இருந்தார், லண்டன் பக்கத்து ஆள். லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய கேசட் கொண்டுவருவார். அதில் ஒரு நகைச்சுவைத் தொடர், ஒரு சிடுமூஞ்சிப் பல் டாக்டரைப் பற்றி. எப்போது பார்த்தாலும் வெளியே மழை. வருகிறவர்கள் எல்லோருக்கும் படுமோசமான பல். டாக்டர் அலமாரியைத் திறந்து விஸ்கியால் வாய் கொப்பளிப்பார், அதை முழுங்கியும் விடுவார். முன்னறையில் ஒரு பெண் பல வருஷமாக அவரை நினைத்து உருகிக்கொண்டிருப்பாள். அந்த மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். விஸ்கியையும், நடுவில் ஒரு பாதிரியார் வந்து கேட்கிற பன்றிக்கறி ரொட்டியையும் எடுத்துவிட்டால் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆங்கிலமே தெரியாத என் மனைவி, டி.வி.க்குள் இருக்கிறவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பாள். அர்பாப் வீட்டிலும் அதே கதைதான் என்று கேள்வி. வியாழக்கிழமை எட்டு மணி ஆனால் காலனியில் ஒரு வண்டி நகராது.

டெரிக் காண்ட்ராக்ட் முடிந்து, கேசட்டுகளோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் அமெரிக்கர். விஷயத்தைக் கேள்விப்பட்டு, “அதே தொடரை எங்க ஊர்ல எடுத்திருக்காங்க. இத விட பிரமாதமா இருக்கும். வியாழக்கிழமை காலையில தரேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அட்மின் மேனேஜர் அதை நம்பி, எட்டு மணிக்குப் பல் டாக்டர் உண்டு என்று அறிவிப்புப் போடச் சொன்னார். அன்றைக்கென்று பார்த்து ஆலையில் சூளை நின்றுவிட்டது. அமெரிக்கர் அங்கே மாட்டிக்கொண்டார். மேலெல்லாம் தூசியோடு அவர் கேசட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது மணி எட்டாகப் போகிறது.

போனில் மேனேஜரைப் பிடித்து, “சார், நான் இன்னும் பாக்கல” என்று கெஞ்சினேன். “அர்பாப் வீட்டில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். போடு, யல்லா, சீக்கிரம்” என்று வைத்துவிட்டார்.

அறையில் கூட இருந்தவர் செல்வராஜ் அண்ணன். லைன்மேன், பட்டுக்கோட்டைக்காரர். எதற்கும் அசராத ஆள். “ஏன்டா தம்பி நடுங்குற? வெள்ளக்காரன் எடுத்தத அமெரிக்காக்காரன் திருப்பி எடுத்திருக்கான். நம்மூர்ல மலையாளப் படத்த தமிழ்ல எடுத்தா மாத்தியா எடுக்குறான்? அதே சீனு, அதே எடம். விஸ்கி எங்க வரும்னு ஒனக்குத் தெரியாதா?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. சாமியைக் கும்பிட்டுக் கேசட்டைப் போட்டேன்.

முதல் காட்சியிலேயே எல்லாம் வேறு. மழையைக் காணோம். பளீரென்று வெயில். டாக்டர் இளவட்டம், சினிமாக் கதாநாயகன் மாதிரி இருக்கிறான். வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் முத்துப் பல். இவர்களெல்லாம் எதற்குப் பல் டாக்டரிடம் வருகிறார்கள் என்று செல்வராஜ் அண்ணனே கேட்டார். டாக்டர் அலமாரிப் பக்கம் போனான். விஸ்கி! அழுத்தினேன். ரோஜாப்பூ. கேசட் அப்படியே ஓடுகிற பக்கத்துக் குட்டி டி.வி.யில் பார்த்தால் அவன் ஆரஞ்சு ஜூஸ் எடுத்துக் குடிக்கிறான். எடுத்தேன் விரலை. மறுபடி அலமாரி, மறுபடி ரோஜா. இந்தத் தடவை துண்டு. பாதிரியார் வந்து பன்றிக்கறி ரொட்டி கேட்கிற இடம் எனக்கு மனப்பாடம், அங்கேயும் போட்டேன் ரோஜாவை. பாதிரியாரையே காணோம், ஒரு சின்னப் பிள்ளை பலூனோடு வருகிறது.

போன் அடித்தது. மேனேஜர். “வாட் இஸ் திஸ் கார்டன்? ஒன் மோர் ஃபிளவர், யூ கோ ஹோம்!”

செல்வராஜ் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அசராத ஆள் அசந்திருந்தார். “அடப்பாவிகளா, கதையவே மாத்திப்புட்டானுவளே” என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் முன்னறையிலிருந்து உள்ளே வந்தாள். டாக்டர் கன்னத்தில் ஏதோ மருந்து ஒட்டியிருக்கிறது. துடைக்கக் கையைக் கொண்டுபோகிறாள். இந்த இடமும் எனக்குத் தெரியும். பிரிட்டிஷ் தொடரில் அவள் கை பாதி வழியில் நின்றுவிடும், அவர் தும்முவார், அவள் போய்விடுவாள். இங்கே கை கன்னத்துக்கே போய்விட்டது. இவன் தும்மவில்லை. அவளைப் பார்க்கிறான்.

நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள். அழுத்தி, அவன் தும்மித் தொலைத்தால் நான்காவது ரோஜாவுக்கு எனக்கு டிக்கெட். அழுத்தாமல், முத்தம் விழுந்தால் விருந்தாளிகள் முன்னால் அர்பாப் மானம் போச்சு, அதற்கும் டிக்கெட். கண் முன்னால் நிற்பது அந்த டாக்டர் இல்லை; தொட்டிலில் கிடக்கிற என் பிள்ளை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. “அண்ணே!” என்றேன். “என்னயக் கேக்காதடா!” என்று அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்திவிட்டேன். விரலை எடுக்கவே தைரியம் வரவில்லை. நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் காலனி முழுக்க ரோஜாப்பூதான்.

போன் அடித்தது. எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன். மேனேஜர் குரல் இல்லை. கனமான குரல், அந்தக் குரலை அதுவரை தூரத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறேன். அர்பாப். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். இங்கே எல்லோரும் பேசுகிற உடைந்த இந்தியில், “கியா ஹுவா? டாக்டர், லட்கி, ஷாதி ஹுவா?” என்றார். அந்த டாக்டருக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கிறார்.

எனக்கு என்ன தெரியும்? கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். “ஹாங் அர்பாப். ஷாதி ஹோகயா” என்றேன்.

“மாஷா அல்லாஹ்!” என்று அந்தப் பக்கம் சத்தமாகச் சிரித்தார். விருந்தாளிகளிடம் அரபியில் ஏதோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். போன் வைக்கப்பட்டது. செல்வராஜ் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. வாசலில் எங்கள் பெட்டி, கட்டிப் பூட்டித் தயாராக. அதன் மேல் குழந்தையின் பால் புட்டி. மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த அன்றைக்குக் கட்டியிருந்த அதே சேலையில் நிற்கிறாள். மூன்று பூவையும், போகாமலே நின்ற நாலாவது பூவையும் அவளும்தானே பார்த்திருக்கிறாள். எனக்கு முன்னால் இருந்தவர் கதையும் அவளுக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டிருந்தாள் போல. “ஏங்க, விடியக்காலைலயா பிளைட்டு?” என்றாள்.

ஒன்றும் இல்லை, அர்பாப் சிரித்தார் என்றேன். அவள் நம்பவில்லை. பல நாள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. சமைக்கிற சட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துக் குடித்தனம் பண்ணினாள்.

அடுத்த பாகம் வரவில்லை. அமெரிக்காவில் அந்தத் தொடரைப் பார்க்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டார்களாம். மகள் இன்டர்நெட்டில் துழாவிப் பார்த்தாள், மழை பெய்கிற பழையது அகப்பட்டது, வெயிலடிக்கிற புதியது எங்கேயும் இல்லை. கேசட்டும் போயிற்று, வி.சி.ஆரும் போயிற்று. வியாழன் வெள்ளி லீவு என்பதும் போய் இப்போது சனி ஞாயிறு. அர்பாப் காலமாகிவிட்டார். செல்வராஜ் அண்ணன் ஊரோடு போனவர், போன் நம்பரும் மாறிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது காலனியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. இடித்துச் சமப்படுத்தி வேலி போட்டிருக்கிறார்கள், வெறும் மண். கேபிள் ரூம் எங்கே இருந்தது, எங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி வண்டியை விட்டு இறங்கினாள். வேலி ஓரமாகவே நடந்துபோய், ஓர் இடத்தில் நின்று, கம்பிக்குள் கைவிட்டு மண்ணைக் காட்டினாள்.

“இங்கனதான் பெட்டிய வச்சேன்” என்றாள்.