டாக்டர் மாமாவின் மிச்ச ஸ்க்ரூக்கள்

என் அக்காவின் கணவரை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகம் என்னவோ தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். ஆனால் யார் வீட்டுக் கம்ப்யூட்டராவது லேசாக மக்கர் செய்தால் போதும், கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு ஷேவிங் பிரஷ், ஒரு பள்ளிக்கூட ரப்பர். எந்த நோய் என்றாலும் வைத்தியம் ஒன்றுதான்: ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, ரப்பரால் அழுத்தித் தேய்த்து, மறுபடி மாட்டுவார். வைத்தியம் முடிந்ததும் எப்படியும் இரண்டு மூன்று ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டது" என்று ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வார். டப்பா முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எங்கள் சொந்தபந்தம் எவ்வளவு பெரியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அக்கா வீடுகளுக்கு பிளான் வரைபவள். பதினோரு வருடம் ஓர் இன்ஜினியரிடம் வரைந்தாள். படத்தில் அவர் பெயர் இருக்கும், இவள் பெயர் எங்கேயும் இருக்காது. அதை விட்டுவிட்டு இப்போதுதான் முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு வீட்டுக்கு வரைந்திருந்தாள். மொத்தம் நாலு தாள். அந்த வீட்டைக் கட்டப்போகும் பெண்மணி அன்று மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. "தாள் கைக்கு வரலன்னா அந்த இன்ஜினியர்கிட்டயே குடுத்துடுவேம்மா" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து மாமாவுக்கு அன்பு பொங்கிவிட்டது. அவளுக்குப் பரிசாக வாங்கி ஒளித்துவைத்திருந்த புது கிராபிக்ஸ் கார்டை எடுத்து, கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அது குடலைக் காட்டிக்கொண்டு மேசையில் கிடந்தது.

"இன்னைக்காங்க?" என்றாள் அக்கா.

"பத்து நிமிஷம். அப்புறம் பாரு, நீ வரையுறதெல்லாம் சும்மா பறக்கும்."

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் எனக்கு அன்று விடுமுறை என்பது மாமாவுக்குத் தெரியும். என்னை வரவழைத்து டார்ச் பிடிக்கச் சொன்னார். கார்டோடு வந்த சின்னக் காகிதத்தை விரித்து, அதன்மேல் ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்தார். அந்தக் காகிதத்தை அவர் பயன்படுத்தியது அவ்வளவுதான்.

கார்டை மாட்டிப் பட்டனை அமுக்கினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் தினமும் வருகிற அந்தச் சின்னப் பாட்டும் வந்தது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"பாட்டு வருதுங்க. உள்ள ஓடிட்டுதான் இருக்கு" என்றாள் அக்கா.

"பாட்டு வேற, பூட் ஆகறது வேற. நீ குழப்பாத." என்னிடம் திரும்பி, "என்ன மாப்ள?" என்றார்.

நான் தலையாட்டினேன். டாக்டர் பேசும்போது டார்ச் பிடிப்பவன் வேறு என்ன செய்வான்?

ராமைத் தேய்த்து மாட்டினார். பாட்டு வந்தது, படம் வரவில்லை. பவர் சப்ளைக்குத் தெம்பு போதவில்லை என்றார். ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகினார். பாட்டு வந்தது, படம் வரவில்லை. வாயால் ஊதினார், பிரஷால் தடவினார். ஒவ்வொரு முறையும் அக்கா "பாட்டு" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.

நாலாவது முறையும் திரை இருட்டாகவே இருந்தது. மணி இரண்டரை. கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, மாமா பால்கனிக்குப் போய்த் தன் தம்பிக்குப் போன் போட்டார். "போர்டு போச்சுடா. என்னாலயே முடியலன்னா பாத்துக்க" என்று துக்கச் செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தாள். பிளான் ஃபைலின் பெயரை அடித்துத் திறந்தாள். மனதுக்குள் இருபது எண்ணினாள், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு பிரிண்ட் கொடுத்தாள். பதினோரு வருடம் தட்டிய விரல்கள்.

மூலையில் இருந்த பெரிய பிரிண்டர் செருமிக்கொண்டு எழுந்தது. முதல் தாள் வெளியே வந்தது. ஓரத்தில் கட்டம் கட்டி அக்காவின் பெயர்.

மாமா போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார். "எப்படி?"

"ஓடிட்டிருக்குன்னு காலைலேந்து சொல்றேனே" என்றாள்.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்து நாலு தாளையும் வாங்கிப் போனார். பிறகுதான் நான் ஸ்க்ரூவுக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் படமே, திரையின் கேபிளைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கிப் புதுக் கார்டில் செருகு என்பதுதான். செருகினேன். படம் பளிச்சென்று வந்தது.

"அடுத்து அதத்தான் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார் மாமா, மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூவை டப்பாவில் போட்டுக்கொண்டே.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அவர விடு. உனக்குமாடா பாட்டு கேக்கல?"



"கேட்டுதுக்கா" என்றேன். "நாலு தடவையும் கேட்டுது."