மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போன வழியும் மண்டி மொஹல்லா விறகுக்கடையும்

ஹனூர் பக்கத்தில் யாருக்காவது உடம்பு மோசமானால் என்னிடம் வந்து மைசூருக்கு வழி கேட்கிறார்கள். நோயாளியோடு நான் போனது ஒரே தடவைதான். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி செல்லம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்தோடு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. கொள்ளேகாலத்து டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். "இங்க வெச்சுக்கிட்டு இருக்காதே. நாளைக்கே மைசூருக்குக் கொண்டு போ" என்றார்.

ஹனூரிலிருந்து கொள்ளேகாலம் சுமார் பதினைந்து மைல்; மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். அங்கிருந்து மைசூர் ஏறக்குறைய நாற்பது மைல், பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்கள் கரிப்புகையில் ஓடின. மேடு வந்தால் வண்டி திணறும். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். "அந்தம்மா இருக்கட்டும்" என்று செல்லம்மாளை மட்டும் கண்டக்டர் இறங்கவிடவில்லை. நரசீபுரத்தில் கரி போட நிறுத்தினார்கள். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்து, "தண்ணி நெறயாப் போகுதுங்களா?" என்று கேட்டாள். நிறையப் போகிறது என்றேன். மணல்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் காய்ச்சல்காரியிடம் குழந்தையை விடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது சரிதான். ஆனால் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பக்கத்துச் சத்திரத்தில் ஒரு மூலை கிடைத்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிப் பாலாடையால் புகட்டினேன். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. மறுநாள் குழந்தைக்கு அழவும் சத்தமில்லை.

பால் காய்ச்ச விறகு வேண்டும். குழந்தையைத் துண்டில் கட்டிக்கொண்டு பக்கத்து மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்கு நடந்தேன். சந்து முழுக்க மூட்டையும் கைவண்டியும். நான் புகுந்த விறகுக்கடை முனிசாமி என்பவருடையது. தமிழர்தான், இரண்டு தலைமுறையாக மைசூர்வாசி. அவர் விறகை நிறுத்துக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி ராஜம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை.

"என்னாண்ணா அது துண்டுல, மகுவா?" என்றாள். குழந்தையை அங்கே தமிழர்களும் மகு என்றுதான் சொல்கிறார்கள்.

"ஆமாங்க அம்மணி. அதோட ஆத்தா ஆஸ்பத்திரீல கெடக்கறா. மாட்டுப்பாலு சேர மாட்டேங்குதுங்க."

அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். தன் பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, "குடுங்க இங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் எந்த ஊர், என்ன சாதி என்று அவள் கேட்கவில்லை. முனிசாமி ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் விறகைக் கட்டினார். வெகுநேரம் கழித்து ராஜம்மா திரும்பி வந்தாள்.

"மொதல்ல சப்பவே தெரியல. அப்பறம் புடிச்சுகிச்சு. தெனம் காலைல, மத்தியானம், சாயங்காலம் கொண்டாந்துடுங்கண்ணா. ராத்திரிக்கு இங்கயே இருக்கட்டும்."

அன்றுமுதல் என் வேலை இதுதான்: வார்டுக்குப் போவது, விறகுக்கடைக்குப் போவது. குழந்தை பால் குடிக்கிறது என்று செல்லம்மாளிடம் சொன்னேன். "யாரு குடுக்கறா?" என்றாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாக் குடிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் போய்விட்டாள்.

பிணத்தை ஊர்வரை கொண்டுபோக எந்த வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. எனக்கு அந்த ஊரில் தெரிந்த இடம் ஒன்றுதான். கடை வாசலில் போய் நின்றேன். முனிசாமி வழக்கம்போலத் தராசைப் பிடித்தபடி, "எவ்ளோ போடட்டும்?" என்றார். ஒரு சிதைக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், தராசைக் கீழே வைத்தார். கடையைச் சாத்திவிட்டு, தானே கட்டைவண்டியில் மாட்டைப் பூட்டினார். விறகு ஏற்றிய அதே வண்டியில் அவளையும் கொண்டுபோனோம். வண்டியிலிருந்து சுடுகாட்டுக்குள் பாடை தூக்க ஆள் போதவில்லை. பக்கத்து மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்டேன். ராஜம்மா பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கன்னடத்தில் கேட்டாள். பால் கொடுக்கும் தாய் யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. நரசீபுரம் போகும் ஒரு குடியானவப் பெண் தலையாட்டினாள். அவள் இறங்கும்வரை குழந்தை பசியாறி வந்தது. அதற்கப்புறம் கொள்ளேகாலம் வரையில் அழுதது. ஹனூரில் என் அண்ணி வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் ஒரு சொத்துப் பாத்தியதை வழக்காக மைசூர் போக வேண்டியிருந்தது. மகளையும் கூட்டிப் போனேன். முனிசாமிக்கு என்னைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ராஜம்மாவுக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு என் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொழச்சுகிச்சா?" என்றாள்.

"பொழச்சுதுங்க அம்மணி. இதுதான்."

"ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கமில்ல, இப்படி நெறய பேரு வந்தாங்கண்ணா. என்னால ஆன மட்டும் குடுத்தேன். குடிச்சுட்டுப் போனதுங்க என்னாச்சுன்னு ஒண்ணும் தெரியாது. திரும்பி வந்தது இது ஒண்ணுதான்." பிறகு உட்கார்ந்து, என் மகளின் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகள் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் நாள் கடத்தாதீர்கள். காலை பஸ்ஸைப் பிடியுங்கள். வண்டியில் மெத்தென்று ஏதாவது விரித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் பால் கொடுக்கும் உறவுக்காரி ஒருத்தியைக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்படி யாராவது உதவினால், ஒரு வருஷம் கழித்தாவது திரும்பப் போய், குழந்தை என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிழைக்காமல் போயிருந்தாலும் சொல்லுங்கள்.